மெட்டு வடக்கே, சொல் தெற்கே

குடிபெயரும் மக்கள் தம் மூட்டை முடிச்சுகளோடு பாட்டையும் உடன் கொண்டு செல்வர் என்பது இம்மலரைக் கையிலேந்தும் குடும்பத்தார் அனைவரும் பட்டறிந்த உண்மை. ஆனால் மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பாட்டு மட்டும் ஆயிரம் கல் தொலைவு பயணம் செய்து அவர்தம் வாசற்படியில் வந்து அமர்வதும் உண்டு. 1940-களில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்த இந்தித் திரையிசை, இந்தியில் ஒரு சொல்லும் அறியாத நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களுக்கு வந்து குடியேறியது அத்தகையதொரு வரலாறு. அரசர்களும் அமைச்சர்களும் இடம்பெறாத வரலாறு ஆதலின் அதனை எழுதி வைத்தோர் குறைவு. அவ்வூர்களில் பிறந்து, வடபுலத்து நகரொன்றில் மத்திய அரசு அலுவலக எழுத்தராய்க் காலங்கழிக்கும் நாம், நம் வீட்டில் கேட்டதையும் நூல்களில் கற்றதையும் இணைத்து இங்கே சொல்ல முற்படுகிறோம்.

எல்லை நாடு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர்கள் வரிசையாய் அமைந்துள்ளன. இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1940-களில் இக்கோடு இல்லை. குமரி முனை வரை எல்லாம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி. பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் தறியோசைக்கு நடுவே தமிழ் ஒலிக்கும். அடுத்த தெருவில் மலையாளம் ஒலிக்கும். சந்தையில் இரண்டும் கைகோத்து நடக்கும். ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவதை அங்கே எவரும் குறையாகக் கொள்வதில்லை.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. நம் குடும்பத்தின் ஒரு கிளை கோட்டுக்கு இப்பாலும், மறு கிளை அப்பாலும் ஆயிற்று. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலம். பெண் எடுத்த வீடு வேறு மாநிலம். பிற்காலத்தில் அரிசி மூட்டைக்குச் சோதனைச் சாவடி வந்தது. மெட்டுக்கு மட்டும் எக்காலத்தும் சாவடி இருந்ததில்லை.

பாட்டு வந்த வழிகள்

முதல் வழி இசைத்தட்டு. ஒரு நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டு, ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடும். சாவி முடுக்கிய பெட்டிக்கு மின்சாரம் வேண்டா. அவ்வப்போது புதிய ஊசி ஒன்று போதும். ஊருக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் திண்ணை நிறையக் கூட்டம் சேரும்.

இரண்டாம் வழி போர். 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபின் திருவிதாங்கூர் மரச்சீனிக் கிழங்கை நம்பி உயிர் வாழ்ந்தது. வயிற்றுப்பாட்டிற்காகப் பட்டாளத்தில் சேர்ந்த இளைஞர் பலர். நாம் ‘பாட்டா’ என்றழைத்த நம் பாட்டனாரும் அவருள் ஒருவர். புனே முகாமில் வண்டியோட்டியாய்ப் பணிபுரிந்து, 1946-இல் ஊர் திரும்புகையில் ஒரு பழைய கிராமபோன் பெட்டியையும் ஐந்து இசைத்தட்டுகளையும் கொண்டு வந்தார். அவற்றுள் நான்கு இந்தித் தட்டுகள். பட்டாளத்தில் பிழைக்குமளவு இந்தி அவருக்குத் தெரியும். வீட்டில் வேறு எவருக்கும் தெரியாது.

மூன்றாம் வழி ஓலைக் கொட்டகை. நான்காம் வழி வானொலி. 1943-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய நிலையம் 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1952-இல் அமைச்சராய் வந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடலை வானொலியினின்று விலக்க முற்பட்டபோது, மக்கள் அலைவரிசையைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். 1957-இல் விவித பாரதி பிறந்ததற்கு இதுவே தூண்டுதல். கேட்கும் செவியை ஆணையால் அடைக்க இயலாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மூன்று நிமிடக் கலை

1930-களின் பேசும்படங்களில் பாட்டுக்கு அளவில்லை. 1932-இல் வந்த ‘இந்திரசபா’வில் ஏறத்தாழ எழுபது பாடல்கள் இருந்தன. போர்க்காலத்தில் கச்சாச் சுருள் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசு வரையறுத்தது. பாடல்கள் குறைந்தன, குறைந்தவை கூர்மை பெற்றன. இசைத்தட்டின் மூன்று நிமிடமே பாட்டின் அளவுகோலாயிற்று. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதால் நடிக்கத் தெரிந்தவர் நடித்தார்; பாடத் தெரிந்தவர் பாடினார்.

அக்காலத்துப் படங்களை எண்ணினாலே நெஞ்சு நிறையும். 1943-இல் வந்த பம்பாய் டாக்கீசின் ‘கிஸ்மத்’ கல்கத்தா ராக்ஸி அரங்கில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஓடியது. அனில் பிஸ்வாஸ் இசையில் கவி பிரதீப் எழுதிய நாட்டுப்பாடல், வெளித்தோற்றத்தில் ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் விலகச் சொன்னது. கேட்டவர் செவியிலோ அது வெள்ளையனை விலகச் சொன்னது. அதே ஆண்டு ‘தான்சேன்’ படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் சைகால் பாடினார். 1944-இல் நௌஷாத் இசையமைத்த ‘ரத்தன்’ வந்தது. 1949-இல் ‘மஹல்’, ‘பர்சாத்’, ‘துலாரி’ மூன்றும் ஒருங்கே வந்தன. ‘மஹல்’ இசைத்தட்டில் பாடியவரின் பெயராகக் கதைமாந்தரின் பெயரே முதலில் அச்சிடப்பட்டிருந்தது. பாடியவர் யாரென்று நேயர்கள் கேட்டபின்னரே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய தொன்றுண்டு. 1938-இல் சென்னை மாகாணத்தில் பள்ளிகளில் கட்டாய இந்தி புகுத்தப்பட்டபோது தமிழர் வெகுண்டெழுந்தனர். 1940-இல் அவ்வாணை கைவிடப்பட்டது. அடுத்த பத்தாண்டிலேயே அதே மக்கள் இந்தி மெட்டை விரும்பிக் கேட்டனர். இது முரண்பாடன்று. திணித்ததை மறுப்பதும் விரும்பியதை ஏற்பதும் ஒரே தன்மானத்தின் இரு பக்கங்கள்.

கடன் வாங்கிய மெட்டு

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. சைகாலே 1937-இல் வெளிவந்த தமிழ்த் ‘தேவதாஸ்’ படத்தில் தமிழில் பாடியுள்ளார். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’ 1945-இல் தமிழிலும் 1947-இல் இந்தியிலும் வந்து, தென்னகக் குரலை வடக்கே கொண்டு சேர்த்தது. 1948-இல் எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ இரு மொழியிலும் முரசு கொட்டிற்று.

மலையாளத் திரையுலகு அப்போது தவழும் குழந்தை. 1938-இல் வந்த முதற் பேசும்படம் ‘பாலன்’ சேலத்து மாடர்ன் தியேட்டர்சில் உருவானது. 1951-இல் வந்த ‘ஜீவித நௌகா’வில் கொச்சியின் மெஹபூப் பாடிய பாடல், ‘துலாரி’யில் முகமது ரஃபி பாடிய பாடலின் மெட்டேயாம். இந்தியில் அது இரவு கழியக் காத்திருக்கும் காதலனின் ஏக்கம். மலையாளத்தில் துன்பத்தில் யாவரும் கைவிடுவர் என்னும் புலம்பல். ஒரே மெட்டு, இரு வேறு துயரம்! இரண்டும் பொருந்தின.

நேமத்தில் மெரிலாண்ட் படநிலையம் நிறுவிய பி. சுப்பிரமணியம் நாகர்கோவில்காரர். அந்நிலையப் படங்களுக்குப் பாட்டெழுதிய திருநயினார்குறிச்சி மாதவன் நாயரின் ஊரும், பாடிய கமுகற புருஷோத்தமன் பிறந்த திருவட்டாறும் இன்றைய குமரி மாவட்டத்தில் உள்ளவை. பிரேம் நசீரின் முதற்படமாகிய ‘மருமகள்’ (1952) படத்தின் நாயகி நெய்யாற்றின்கரை கோமளம். மலையாளத் திரை நடை பயின்ற நாள்களில் அதன் கைபிடித்தோருள் இவ்வெல்லை மண்ணின் மக்கள் இத்தனை பேர் என்பது நமக்குப் பெருமையே.

இரவல் மெட்டு எத்தனை நாள் தாங்கும்? 1954-இல் ‘நீலக்குயில்’ வந்தது. பி. பாஸ்கரனின் சொல்லுக்குக் கே. ராகவன் மலபார் மண்ணின் நாட்டுப்புற இசையை எடுத்துத் தந்தார். அன்றே மலையாளப் பாட்டு தன் குரலைக் கண்டுகொண்டது என்பர். அதனை மறுப்பதற்கில்லை. எனினும் அதற்கு முன் பாடப்பட்டவை யாவும் வெறும் போலி என்று தள்ளுவோரோடு நாம் உடன்பட இயலாது. அதற்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

பாட்டியாரின் தாலாட்டு

பாட்டா கொண்டுவந்த தட்டுகளில் ஒன்று ‘ரத்தன்’ படத்தது. ஜோஹராபாய் அம்பாலேவாலி பாடியது. ஐந்தும் தேய்ந்து, பெட்டியின் வில் முறிந்த பின்னும் அம்மெட்டு வீட்டை விட்டுப் போகவில்லை. பாட்டியார் அதற்குத் தாமே சொற்கட்டினார். கல்வி என்று சொல்லத் தக்கது அவருக்கு இல்லை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த செவி இருந்தது. மரச்சீனி தின்று தூங்கும் பிள்ளைக்கு நாளை நெற்சோறு வரும் என்றும், நெய்யாற்றில் வெள்ளம் வடியும் என்றும், பனையேறப் போன மாமன் பதனீர் கொண்டு வருவான் என்றும், பட்டாளத்து ஐயா இனி எங்கும் போகமாட்டார் என்றும் அத்தாலாட்டு நீளும். நம் அம்மையும் அவர்தம் உடன்பிறந்தாரும் அதில் உறங்கினர், நாமும் உறங்கினோம். நெடுநாள் அது நம் ஊர்ப் பழம்பாட்டு என்றே வீட்டில் யாவரும் எண்ணியிருந்தனர்.

பணியில் சேர்ந்தபின் மத்திய அரசு ஊழியர்க்குரிய பிரபோத், பிரவீண், பிராக்யா தேர்வுகளை எழுதி இந்தி கற்றோம். அதன் பின்னொரு நாள் அலுவலகத்து இந்தி இருவாரவிழாவில், ஓய்வுபெறும் வயதிலிருந்த பிரிவு அலுவலர் ஒருவர் அந்த ‘ரத்தன்’ பாடலைப் பாடினார். பாட்டியாரின் தாலாட்டு நம் செவியில் இந்தியில் ஒலித்தது. கண்ணொடு கண் கலந்து நெஞ்சை மயக்கியபின் நீங்கிச் செல்லாதே என்று வேண்டுவதே அப்பாடலின் பொருள். போர்முனைக்குச் சென்று மீண்ட கணவனை, குழந்தைக்குச் சொல்வதுபோல், இனி எங்கும் போகவேண்டா என்று பாட்டியார் பாடியதும் அதுவன்றோ! அலுவலர் பாடி முடித்தபின் நாம் தமிழ்ச் சொற்களைப் பாடிக் காட்டினோம். அவர் மீண்டும் பாடச் சொல்லிக் கேட்டார்.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம்.

“அம்மா, அந்தத் தாராட்டு முழுசும் நினைவுண்டா?”

“முழுசும் எங்க மக்களே? ரெண்டு கட்டுதான் நமக்கு வரும். மிச்சம் உனக்க பாட்டிக்கத் தலையோட போச்சு.”

இதுவே நாம் சொல்ல வந்த செய்தியின் உயிர். ‘ரத்தன்’ பாடல் அழியவில்லை. இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் எண்பதாண்டு கடந்த அக்குரல் எழுந்து வரும். பாட்டியார் அதற்கு இட்ட தமிழோ எந்தத் தட்டிலும் ஏறவில்லை, எந்த ஏட்டிலும் இல்லை. அம்மைக்கு இரண்டு கட்டு. களியக்காவிளைக்கு அப்பால் வாழும் சிற்றன்னைக்கு மற்றொன்று. நமக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில அடிகள். ஏழெட்டுக் கட்டுகள் இருந்ததாய் அம்மை சொல்கிறார். மூன்றை எழுதி வைத்துள்ளோம்.

எழுதி வைத்த முறையையும் சொல்ல வேண்டும். அம்மை கற்றது மலையாளப் பள்ளி. தமிழெழுத்தை அவர் அறிந்தது, களியக்காவிளைச் சந்தையில் சில காசுக்கு வாங்கிய திரைப்பட பாட்டுப் புத்தகங்களால். பாட்டு மனப்பாடம், ஆகவே எழுத்தைப் பாட்டோடு ஒத்துப் பார்த்து ஒவ்வொன்றாய் அடையாளம் கண்டாராம். அவ்வெழுத்திலேயே அம்மூன்று கட்டுகளையும் தம் கையால் எழுதி அஞ்சலில் அனுப்பினார். கோட்டுக்கு இப்பால் நின்ற ஒரு குடும்பத்தில் தமிழ் எழுத்து பிழைத்த வழி அது.

நமக்கு எஞ்சியுள்ள பணி

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தி அயல்மொழியன்று. விளையாடும் தெருவின் மொழி. அவர்கள் இந்திப் பாட்டை மெட்டும் சொல்லுமாய் முழுதாய்ப் பெற்றுக்கொள்கின்றனர். அதில் பிழையொன்றும் இல்லை, நன்கு கற்கட்டும். நம் பாட்டியாருக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அவருக்கு வந்தது மெட்டு மட்டும். சொல்லை அவர்தாம் இட வேண்டியிருந்தது. இட்டார். தம் வாழ்வை, தம் ஆற்றை, தம் பசியை அதில் வைத்தார். வந்த விருந்தைத் தம் வீட்டுச் சோற்றால் உபசரித்தார். நம் பிள்ளைகளுக்கு அத்தேவை நேரவில்லை; ஆதலின் அப்பழக்கமும் இல்லை.

சங்கத்து விழாக்களில் பிள்ளைகள் மேடையேறிப் பாடுகின்றனர், மகிழ்கிறோம். அவர்களிடம் இன்னுமொன்று கேட்கலாம். தெருவில் கேட்கும் மெட்டு எதுவாயினும் ஆகுக. அதற்கு இரண்டடி தமிழில் தாமே கட்டிப் பாடட்டும். இலக்கணம் தடுக்கினும் தடுக்கட்டும். பாட்டியாரும் இலக்கணம் கற்றவர் அல்லர். பெரியோர்க்கும் பணியுண்டு. ஒவ்வொரு வீட்டிலும் இத்தகைய பாட்டு ஒன்றேனும் யாரோ ஒருவர் நாவில் இருக்கும். வடக்கத்திய மெட்டோ, நாடக மெட்டோ, கீர்த்தனை மெட்டோ, எதுவாயினும் அதற்கு இட்ட சொல் அவ்வீட்டுச் சொல். அதனை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். மெட்டைக் காக்க எத்தனையோ கருவிகள் உள்ளன. சொல்லைக் காக்க நம்மை விட்டால் வேறு ஆளில்லை.