நெடுமையும் நோக்கும்

சென்ற ஆண்டு காற்பந்துக் குழுவுக்கு ஆளெடுத்த ஞான்று, உயரம் போதாதென்று எம்மை நீக்கினர். யாம் விடுதியறையில் உறக்கமின்றிக் கிடந்தேம். பின்னர், இத்தாலிய நாட்டுப் பின்காப்பாட்டக்காரர் பிராங்கோ பரேசியின் இளமை வரலாற்றைப் படித்தேம்.

தமையனாரை ஏற்ற இன்டர் மிலான் கழகத்தார், இவரை மெலிந்த சிறுவரென மறுத்தனர். அதே நகரத்து ஏ.சி. மிலான் கழகம் 1974-இல் இவரைச் சேர்த்துக்கொண்டது. 1978 ஏப்ரல் 23-இல், 17 வயதில், வெரோனாவுக்கெதிரே முதன்முறை ஆடினார். காப்பணிக்கும் பின்னே தனித்து நின்று, எதிரணியார் கருத்தை முன்னறிந்து பந்தைக் கவர்தலே இவர் பணி. அதற்கு வேண்டுவது நெடிய உடலன்று, கூரிய நோக்கே. 1979-இல், எம் வயதாகிய பத்தொன்பதை இவர் எட்டுந் தறுவாயில், கழகம் இத்தாலிய வாகை சூடிற்று.

எம் உயரமோ ஓரங்குலமும் மிகவில்லை. ஆயினும், இவ்வாண்டுத் தேர்வுக்கு மீண்டும் பெயர் கொடுத்துள்ளேம்.