சிரட்டை அறுத்த கதை

உளியும் அரமும் பிடித்துப் பழகிய கைக்கு ஒரு சிறு மின்கருவி கிடைத்தால் அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். எமக்கும் அவ்வாறே தோன்றிற்று. பேனாவைப்போற் பற்றிக்கொண்டு மரம், தகரம், ஓடு, கண்ணாடி யாவற்றையும் வெட்டலாம் என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அலகு பூட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்; நாமும் கேளாமல் விட்டோம்.

இக்கருவியைப் பலர் 'டிரெமல்' என்றே அழைப்பர். அது 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து றசீன் நகரில் அல்பேட் டிரெமல் என்பார் தொடங்கிய தொழிலகத்தின் பெயர். எம்மிடம் இருப்பதோ வேறு எவரோ செய்த மலிவுச் சரக்கு. எனினும் சுழற்சியிற் குறைவில்லை: நிமிடத்திற்கு 30,000 சுற்று.

முதல் வேலையாகச் சிரட்டையில் ஓர் அகப்பை செய்ய எண்ணினோம். பெட்டியில் இருந்தவற்றுள் மெல்லியதாய், வட்டமாய், அப்பளம்போல் இருந்த தட்டொன்றைத் தேர்ந்தெடுத்துப் பூட்டினோம். அது ஆணி, திருகாணி போன்றவற்றை நறுக்குவதற்கான தட்டு. நேர்கோட்டில் மட்டுமே வெட்டும், வளைத்தால் உடையும். சிரட்டையோ முழுவதும் வளைவு. பள்ளிக்கூடம் விட்டு வந்த மருமகன் அருகே குந்தியிருந்து, "மாமா, நானும் ஒருக்கால் பிடிச்சுப் பாக்கட்டே?" என்று கேட்டான். அவனைப் பார்க்கத் தலையைத் திருப்பினோம். கையும் சற்றே திரும்பிற்று. 'டக்' என்றொரு சத்தம், தட்டைக் காணோம். அவன் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அரைத்துண்டு குத்தி நின்றது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. எழுந்திருந்து கணக்குப் பார்த்தோம். 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டு அவ்வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீற்றர் ஓடும். எமது அதிவேக நெடுஞ்சாலையில் வாகனங்களுக்கு விதித்த எல்லையே 100. உடையும் துண்டு அவ்வேகத்துடனேயே புறப்படும். தட்டுச் சுழலும் தளத்திலேயே பறக்கும். அத்தளத்தில் எவர் முகமும் இருத்தலாகாது. கண்ணுக்குப் பக்கமும் மூடிய காப்புக்கண்ணாடி வேண்டும். நாம் வாசிக்க அணியும் மூக்குக்கண்ணாடி இதற்குக் காணாது.

அதன் பின்னரே ஒவ்வொரு பொருளின் குணமும் படித்தோம். மரத்துக்கும் சிரட்டைக்கும் பல்லுள்ள உருக்கு அலகு. அதனை அழுத்தாமல், பலமுறை மேலோட்டமாகத் தடவுவதுபோல் இழுத்து வெட்ட வேண்டும். அழுத்தினால் மரம் கருகும். அலகு சுழலும் திசைக்கு எதிராக நகர்த்தினாற்றான் கை அடங்கும். திசையோடு நகர்த்தினால் கருவி எம்மை இழுத்துக்கொண்டு ஓடும். சிரட்டையைக் கையிற் பிடித்து வெட்டுவது மடைமை. அதனை இடுக்கியில் இறுக்கிய பின்பே அகப்பை உருவாயிற்று.

பிளாஸ்டிக் குழாயில் நேர்மாறான தொல்லை. வேகம் கூடினால் வெட்டுவதற்குப் பதிலாக உருகி, அலகின் பற்களுக்கிடையே பிசினாக ஒட்டிக்கொள்ளும். புகையும் தொண்டையைக் கரிக்கும். வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, விட்டு விட்டு வெட்டுதல் நன்று. இரும்பை அறுக்கையில் தீப்பொறி பறக்கும். மண்ணெண்ணெய்ப் போத்தலும் கந்தைத் துணியும் கிட்ட இருக்கலாகாது.

குளியலறைச் சுவர் ஓட்டில் துளையிடும் வேலைதான் எமக்கு மிகப் பிடித்தது. அதற்கு வைரத்தூள் பதித்த அலகு. சூடேறினால் வைரத்தூள் விரைவில் தேய்ந்துபோகும். ஆதலின் நீர் வேண்டும். மின்கருவிக்கும் நீருக்கும் ஆகாதே என்று தயங்கினோம். ஓட்டினைச் சுவரிற் பதிக்குமுன்னரே நிலத்தில் வைத்து, துளையிடும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வயல் வரம்புபோலக் கட்டி, ஒரு கரண்டி நீர் விட்டோம். அலகின் நுனி மட்டும் நனைய, கருவி மேலே நின்றது. வீட்டின் 'ட்ரிப் சுவிட்ச்' ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை முதலிற் பரிசோதித்துக்கொண்டோம். நீரினால் இன்னொரு நன்மை: ஓட்டுத் தூசி எழாது. அதிலுள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலிற் படிந்தால் பின்னர் அகலாது.

கூரைக்குப் போட்ட கல்நார்த் தகட்டில் மிஞ்சிய துண்டொன்று கொல்லையிற் கிடந்தது. அதனையும் வெட்டிப் பார்ப்போமா என மருமகன் கேட்டான். மறுத்துவிட்டோம். கல்நார் எவ்வகையாயினும் புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே கூறியிருக்க, அதைத் தூளாக்கி மூச்சில் இழுக்க நமக்கென்ன வேண்டுதல்!

சாரத்துடன் இவ்வேலைக்கு உட்காருவதையும் விட்டோம். தொங்கும் துணி எதனையும் அலகு சுருட்டிக்கொள்ளும். தளர்ந்த கையுறையும் அப்படியே.

அலகு மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டுமென்பது தெரிந்ததே. தெரிந்தும் இருமுறை மறந்தோம். இரண்டாம் முறை இல்லாள் கண்டுவிட்டாள். "இஞ்சருங்கோ, அந்தச் சாவியை இங்க தாங்கோ" என்று வாங்கி, அலகை இறுக்கும் அச்சிறு சாவியை ஒரு சாண் நூலால் 'பிளக்'கின் கழுத்திற் கட்டிவிட்டாள். இப்போது சுவரிலிருந்து 'பிளக்'கைப் பிடுங்காமல் சாவி அலகுக்கு எட்டாது. மருமகனும் அந்த நூலோடுதான் வேலை பழகுகிறான்.