டிசெம்பர் 24: முகங்களும் பெயர்களும்

ஒரே நாளில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்துக் கூறும் வழக்கம் பத்திரிகைகளிலும் வானொலியிலும் நிலைபெற்றுள்ளது. அவ்வாறு டிசெம்பர் 24இன் கீழ் ஒரு பாடலின் அரங்கேற்றமும், ஒரு பாடகரின் பிறப்பும், ஒரு நடிகரின் மறைவும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இவற்றை ஒருநாளிற் சேர்த்தது தற்செயலே. ஆயினும் மூன்றையும் ஒருங்கு நோக்குவோர்க்கு ஒரு வினா எழாதிராது: மக்கள் ஒரு கலைப்படைப்பைக் கொண்டாடும்போது யாருடைய பெயர் நிலைக்கின்றது, யாருடையது மறைகின்றது?

1818ஆம் ஆண்டு அந்நாளில், ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஓபெண்டோர்ப் என்னும் ஊரின் தேவாலயத்தில், ஆங்கிலத்தில் 'சைலன்ற் நைற்' என வழங்கும் நத்தார்ப் பாடல் முதன்முறையாகப் பாடப்பட்டது. அதனை எழுதியவர் அங்கு உதவிக் குருவாயிருந்த ஜோசப் மோர். இசையமைத்தவர் அயலூர்ப் பள்ளி ஆசிரியரான பிரான்ஸ் குரூபர். கிற்றார் இசையுடன் இருவருமே பாடினர். ரைரோல் பிரதேசப் பாடகர் குடும்பங்கள் அப்பாடலைப் பல நகரங்களுக்கும் கொண்டு சென்றன. பாடல் பரவப் பரவ ஆக்கியோர் பெயர் தேய்ந்தது. அது நாட்டார் பாடலென்றும் கருதப்பட்டது. 1854இல் பேர்லின் அரச இசைக்குழுவினர் அதனை ஆக்கியவர் யாரென வினவிய பின்னரே குரூபர் அதன் வரலாற்றை எழுதிவைத்தார். மோர் அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார்.

1924இல் இதே நாளில் பஞ்சாபின் கோட்லா சுல்தான் சிங் என்னும் கிராமத்தில் முகமது ரஃபி பிறந்தார். பின்னணிப் பாடகரின் தொழிலே தம்மை மறைத்துக்கொள்ளலாகும். குரல் அவருடையது, உதட்டசைவு நடிகருடையது. 1954இல் தொடங்கிய பிலிம்பெயார் விருதுகளிற் பின்னணிப் பாடகர்க்கென 1959 வரை ஓரிடம் இருக்கவில்லை. ரஃபி அவ்விருதை முதன்முறையாகப் பெற்றது 1961இலேயாம்.

1987இல் இந்நாளில் எம். ஜி. இராமச்சந்திரன் மறைந்தார். கண்டியிற் பிறந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருக்கையிலேயே மறைந்த அவருக்காகத் தம்முயிரை மாய்த்துக்கொண்ட தொண்டரும் உளர். திரையில் அவர் வாயசைத்த பாடல்கள் 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்றே இன்றும் வழங்குகின்றன. அவற்றுட் பலவற்றைப் பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குப் பாடல் எழுதியோருள் ஒருவரான பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறு ஆண்டே, இருபத்தொன்பது வயதில் மறைந்தார். உழைப்போர் உள்ளத்தைத் தொட்ட சொற்கள் அவருடையவை. அச்சொற்கள் ஈட்டிய அன்பிற் பெரும்பகுதி திரையிலே தோன்றிய முகத்தைச் சென்றடைந்தது.

பாடல் மக்களுடைமை ஆகும்போது ஆக்கியோன் பெயர் மறைதல் அதன் வெற்றியே என்று வாதிப்போர் உண்டு. நாட்டார் பாடலைச் சான்றுகாட்டி அவர்கள் கூறுவது முற்றிலும் தவறன்று. ஆயின் நாட்டார் பாடலை முதலிற் பாடியவரை அறிய வழியில்லை. மோரையும் கல்யாணசுந்தரத்தையும் அறிய வழியுண்டு. அறியக்கூடியதை அறியாது விடுதல் அசட்டையேயாம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடு பாடியவர் பெயரையும் உரைத்துவந்த வழக்கம் இங்கு நினைவுகூரத்தக்கது. டிசெம்பர் 24இல் எம்.ஜி.ஆர். பாட்டொன்று ஒலிபரப்பாகும்போது, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோரின் பெயர்களும் சொல்லப்படுமாயின், அதனால் அந்நடிகரின் புகழ் சிறிதும் குன்றாது.