வேகமும் நிதானமும்

சில ஆண்டுகளுக்கு முன், சாரல் காற்று வீசிய ஒரு மாலையில் நண்பர் தம் 'சான் ஸ்டார்ம்' காரில் கீழப்பாவூருக்கு வந்தார். கோவாவில் உருவான, இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் அது. "சாலையில் இது பறப்பதைப் படமெடுத்துத் தாருங்கள்" என்றார்.

மேற்கே குற்றால மலை முகில் போர்த்தி நின்றது. சாலையோரம் புகைப்படக் கருவியுடன் நின்ற நான், "இன்னும் வேகம்!" என்று கையசைத்தேன். அப்போது மிதிவண்டியில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி நின்றார்.

"பள்ளிக்கூடம் விடுத நேரம்லா தம்பி! படத்தை நாளைக்கும் எடுக்கலாம். பிள்ளையளுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

திரும்பினேன். வளைவில் புத்தகப் பைகளுடன் இரு சிறுமியர். கருவியின் வழியே காரை மட்டுமே கண்ட என் கண்ணுக்கு அவர்கள் தென்படவே இல்லை. நெஞ்சு நடுங்கியது. நண்பரும் காரை நிறுத்தித் தலைகுனிந்தார்.

மறுநாள் விடிந்ததும், ஆளரவமற்ற அதே சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரச் சொன்னேன். ஷட்டரை 1/30 நொடிக்கு அமைத்துக் காரின் போக்கிலேயே கருவியைச் சீராகத் திருப்பினேன். அந்நொடிப் பகுதியில் கார் நகர்ந்தது ஏறத்தாழ 28 செ.மீ. தான். கருவியும் உடன் திரும்பியதால் கார் தெளிவாக நின்றது. பின்னிருந்த மரங்கள் கோடுகளாய் ஓடின. படத்தில் கார் பறந்தது!

காண்போர், "என்ன வேகம்!" என வியப்பர். முப்பது என்றால் நம்பமாட்டார். வேகத்தைக் காட்ட நிதானமே போதும் என்பதைப் பெரியவர் ஒருவரின் அதட்டலால் கற்றேன். பெயர் கேளாமலே அவரை அனுப்பிவிட்டேன். அந்தக் குறை இன்றும் உண்டு.