அறுபது வயதில் விண்கலம் ஏறிய கதை

அறந்தாங்கி வழியாக ஓடிய மீட்டர்கேஜ் ரயிலைப் பற்றியும் அடங்கல் எழுதிய காலத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறானே என்று யாரும் பதற வேண்டாம். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கொரோனா காலத்தில் சின்னவன் சென்னையிலிருந்து மணமேல்குடிக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். பகலெல்லாம் கம்ப்யூட்டரில் யாரிடமோ இங்கிலீஷில் பேசுவான். ராத்திரி அதே கம்ப்யூட்டரில் யாரையோ சுடுவான். 2021 ஜூன் மாதம் அவன் ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற கேமின் மூன்று பாகங்களையும் சேர்த்து வந்த புதுப் பதிப்பை வாங்கினான். நூறு ஜிபிக்கும் மேல். எங்கள் ஊர் நெட்டில் ஒன்பது ராத்திரி இறங்கியது. ஒன்பது ராத்திரியும் என்னை யூடியூப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். அப்படி என்னதான் இறங்குகிறது என்று பார்க்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கனடாவில் எட்மண்டன் என்ற ஊரில் 1995-ல் டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய பயோவேர் என்ற கம்பெனியின் தயாரிப்பு இது. முதல் பாகம் 2007, இரண்டாவது 2010, மூன்றாவது 2012. கதை நடப்பது 2183-ல். ஷெப்பர்ட் என்ற மனித அதிகாரி, நார்மண்டி என்ற விண்கலம், பல கிரகத்து ஆட்கள் சேர்ந்த ஒரு சிறு படை. ஐம்பதாயிரம் வருஷத்துக்கு ஒரு முறை வந்து நாகரிகங்களையெல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும் ரீப்பர் என்ற இயந்திரங்களை எதிர்த்து நிற்க வேண்டும். அறுவடை என்ற சொல்லைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது சண்டையல்ல. ஒவ்வொரு பேச்சிலும் என்ன பதில் சொல்வதென்று நாம்தான் தேர்வு செய்ய வேண்டும். முதல் பாகத்தில் எடுத்த முடிவு மூன்றாம் பாகத்தில் வந்து கதவைத் தட்டும். பட்டா மாறுதலில் போட்ட ஒரு கையெழுத்து இருபது வருஷம் கழித்து கோர்ட் சம்மனாக வந்து நிற்குமே, அதே கதைதான். முப்பது வருஷத்துக்கு மேல் விஏஓவாக இருந்துவிட்டு 2019-ல் ஓய்வு பெற்றவனுக்கு இது புரியாமல் போகுமா?

எனக்கும் அவனுக்கும் ஒரு ஒப்பந்தம். சுடுவது அவன் வேலை. முடிவெடுப்பது என் வேலை. என் மனைவி, “ஏங்க, ஆபீஸ்ல பார்த்தது பத்தலயா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

எனக்கு முதலில் பிடித்த மிஷனில் ஒரு குண்டுகூடச் சுடப்படுவதில்லை. சிட்டடல் என்ற பிரம்மாண்டமான விண்வெளி நிலையத்தில் சமேஷ் பாட்டியா என்று ஒருவர் நிற்கிறார். நம் நாட்டுப் பெயர். அவர் மனைவி நிராலி ராணுவத்தில் இருந்து ஒரு தாக்குதலில் இறந்துபோனவர். உடலைத் தர மறுக்கிறார்கள். எதிரிகளின் ஆயுதம் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தால் நாளைக்குப் பல உயிர்களைக் காப்பாற்றலாம் என்கிறார் அதிகாரி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டியாவுக்கோ மனைவிக்கு இறுதிச் சடங்கு செய்ய வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது! வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இறந்துபோனவர்களின் உடலுக்காகக் காத்திருந்த வீடுகளின் வாசலில் நான் நின்றிருக்கிறேன். ஒரு காகிதம் வந்தால் இன்னொரு காகிதம் வராது. பந்தல் போட்டு, பிரித்து, மறுபடி போட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். “ரூல்ஸ் அப்படிம்மா” என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த அதிகாரியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. உடலைக் கொடுக்கச் சொல் என்றேன். மகன் ஒரு பொத்தானை அமுக்கினான். ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிட்டது. அது ஒன்றுதான் அதில் நம்ப முடியாத இடம்.

நொவேரியா என்ற பனிக் கிரகத்து மிஷனும் மறக்காது. ரக்னி என்ற பூச்சி இனத்தை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அடியோடு அழித்துவிட்டதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, ஒரு ராணி மட்டும் கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு இருக்கிறது. விடுவிக்கலாம், அமிலம் ஊற்றிக் கொல்லவும் செய்யலாம். எங்கள் ஊர் குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாண்டியனின் அமைச்சர், அறுபத்துமூவரில் ஒருவர். வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றும் பொறுப்பை அரசன் அவரிடம்தான் ஒப்படைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அது நடந்ததா, வெறும் கதையா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அவரைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். இருந்தாலும் அந்த இடம் வரும்போது மனசு கொஞ்சம் ஒதுங்கிப் போகும். ராணியை விட்டுவிடச் சொன்னேன்.

இனி விர்மைர். முதல் பாகத்தின் கடைசிக்குச் சற்று முன்னால் வருவது. கடற்கரைக் கிரகம். ஆழமில்லாத தண்ணீர், ஈர மணல். நம் கோடியக்கரைப் பக்கம் வற்றுநேரத்தில் இருப்பது போலவே இருந்தது. எதிரியின் கோட்டைக்குள் ஒரு குண்டு வைக்க வேண்டும். கூட வந்தவர்களில் ஆஷ்லி என்ற பெண்ணும் கெய்டன் என்ற பையனும் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள். ஒரு பக்கம்தான் போக முடியும். மற்றவர் சாக வேண்டியதுதான். என்ன சாமர்த்தியம் செய்தாலும் மூன்றாவது வழி கிடையாது.

“ப்பா, சொல்லுங்க” என்றான்.

அந்தத் திரைக்கு அவசரமே கிடையாது. நாம் சொல்லும்வரை அப்படியே காத்துக்கொண்டிருக்கும். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். மாட்டுக் கொட்டகையில் வேலை இருப்பது போல நின்றேன். திரும்பி வந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் அப்படியே சொன்னேன். மூன்றாம் நாள் அவன், “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். அப்போதுதான் அவனிடம் லாரி விஷயத்தைச் சொன்னேன். இதை அதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கடந்தாலும் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. தென்னை, பலா, புளி எதுவும் நிற்கவில்லை. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எனக்கு அது சர்வீஸின் கடைசி வருஷம். மூன்றாம் நாள் மத்தியானம் வெளியூர் நல்ல மனிதர்கள் சிலர் ஒரு லாரியில் தார்ப்பாய், அரிசி, பால் பவுடர் கொண்டுவந்து, எங்கே இறக்குவது என்று என்னைக் கேட்டார்கள். என் பொறுப்பில் கூரையே இல்லாமல் கிடந்த குடியிருப்புகள் இரண்டு. ஒன்றுக்கு ரோடு சரியாகிவிட்டது. இன்னொன்றுக்குப் போகும் வழியில் இரண்டு புளியமரம் விழுந்து கிடந்தது. ரோடு சரியான பக்கம் அனுப்பினேன். மறுநாள் அடுத்த லாரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. நாலு நாள் ஆனது. இடையில் மழை வேறு பெய்துவிட்டது. மரம் கிடந்த பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பெரியவர் நனைந்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஏற்கெனவே நுரையீரல் கெட்டுப்போன ஆள் என்றார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோட்டில் மரம் கிடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் மரம் மட்டும் காரணமில்லை. ரம்பம் வைத்திருந்த பையன்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அறுத்திருக்கலாம். ரோடு சரியான குடியிருப்புக்காரர்கள் முந்தின நாள் மறியல் செய்து, என்னைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் சத்தம் போடவில்லை. மறுபடி ஒரு மறியலைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. சத்தம் போட்டவர்களுக்கு அனுப்பினேன். அவ்வளவுதான்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. மவுஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப யாருன்னு சொல்லுங்கப்பா” என்றான். ஆஷ்லி வாய்விட்டுப் பேசுகிறவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். கெய்டன் அதிகம் பேசாதவன். கெய்டனைக் காப்பாற்று என்றேன். அதுவும் சரியான முடிவில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆஷ்லி என்ன பாவம் செய்தாள்? அந்த நிராலியோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவள் அவள். காப்பாற்றிய கெய்டனோ இரண்டாம் பாகத்தில் எதிரே வந்து, ஏன் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தாய் என்று சண்டை போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மூன்றாம் பாகத்தில் கப்பலுக்குள் இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவர் ஒன்று இருக்கிறது. அதில் ஆஷ்லியின் பெயர். மகன் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் வேகமாகக் கடந்துவிடுவான். எனக்காகத்தான்.

இரண்டாம் பாகத்தின் கடைசி மிஷனைத்தான் உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். தற்கொலை மிஷன் என்று பெயர். போனவர் திரும்பாத இடத்துக்குப் போக வேண்டும். இன்னாரை இன்ன வேலைக்கு என்று பிரித்துக் கொடுப்பதுதான் அங்கே எல்லாம். தவறான ஆளை அனுப்பினால் பிணமாகத்தான் திரும்புவார். முன்பே ஒவ்வொருவரின் சொந்தப் பிரச்சினையையும் கூடப் போய்த் தீர்த்து வைத்திருந்தால்தான் உயிரோடு வரும் வாய்ப்பு அதிகம். மகன் பயந்துகொண்டிருந்தான், நான் பயப்படவில்லை. காற்றுக்குழாய்க்குள் நுழைய ஜேக்கப் முதல் ஆளாக முன்வந்தான். இதற்கு முதலில் கை தூக்குகிறவன் ஆகமாட்டான் என்று சொல்லி டாலியை அனுப்பினேன். கிராமசபைக் கூட்டம் நடத்தியவனுக்கு இதெல்லாம் பாடமா? ஒருவரும் சாகவில்லை. மகன் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தான். முப்பது வருஷ சர்வீஸில் யாரும் எனக்கு அப்படிக் கை கொடுத்ததில்லை.

எல்லாவற்றிலும் பிடித்தது எதுவென்று கேட்டால், மூன்றாம் பாகத்தில் டுசான்கா. குரோகன் என்ற முரட்டு இனம். அவர்கள் பெருகிக் கலகம் செய்தார்கள் என்று, ஆயிரத்தில் ஒரு குழந்தைதான் உயிரோடு பிறக்கும்படி ஒரு நோயை உண்டாக்கிப் பரப்பிவிட்டார்கள். உண்டாக்கியது சலேரியன் என்ற விஞ்ஞானி இனம். அந்த நோய் பலமிழந்தபோது அதைத் திருத்திப் புதுப்பித்தவர்களில் ஒருவர் மோர்டின். கடகடவென்று பேசும் ஒல்லியான கிழ டாக்டர். எமர்ஜென்சியில் வடக்கே கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேம்ப்களிலும் நல்லது செய்வதாக நம்பிய டாக்டர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? மோர்டினைப் பார்க்கும்போது அவர்கள் நினைவுதான் வந்தது.

கடைசியில் அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்து, கோபுரத்தின் உச்சியிலிருந்து காற்றில் கலந்துவிட வேண்டும். சலேரியன் தலைவி ரகசியமாகப் பேரம் பேசுகிறாள்: மருந்து வேலை செய்யாதபடி கோபுரத்தில் முன்பே சதி செய்து வைத்திருக்கிறோம், அதைச் சொல்லாமல் இருந்துவிடு, எங்கள் படை உனக்கு உதவும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. “சொல்லிடுடா” என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே தூங்கிய மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

சொன்னோம். கோபுரம் எரிந்து இடிந்துகொண்டிருக்கிறது. யாராவது மேலே போய் அந்தச் சதியைச் சரிசெய்தாக வேண்டும். மோர்டின் லிஃப்டில் ஏறினார். போனால் திரும்ப முடியாதென்று தெரிந்தேதான் ஏறினார். எல்லாம் முடிந்த பிறகு எங்காவது கடற்கரையில் உட்கார்ந்து சிப்பிகளை ஆராய்ச்சி செய்ய ஆசையாக இருந்தது என்பது போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். மேலே போய், வேலையைப் பார்த்தபடி தனக்குப் பிடித்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டு பாதியில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். முழுக்கதை தெரியாத என் மனைவிதான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

2022-ல் மகனை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரை எனக்கே விட்டுவிட்டுப் போனான். மிகச் சுலபமான நிலையில் வைத்துக்கொண்டு நானே சுடக் கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் சுவரைத்தான் சுடுகிறேன். முதல் பாகத்தை மறுபடி தொடங்கி விர்மைர் வரை வந்து, சேவ் செய்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அவன் கிளம்பிப் போன மறுவாரம் ஒரு சாயங்காலம் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். இறந்துபோன பெரியவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, “அன்னிக்கு அந்த லாரிய இங்கதான் அனுப்பிருக்கணும் ஆத்தா” என்றேன்.

“அதுக்கு நீங்க என்னய்யா செய்வீங்க? ரோட்டுல மரமுல்ல கெடந்துச்சு” என்றார்.

மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடற்கரை வழியாகவே வீட்டுக்கு நடந்தேன். வழியில் நிறையச் சிப்பி கிடந்தது. ஒன்றிரண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.