பெயரில் மணக்கும் மண்

கோடைக் காலத்தில் தெருவில் தள்ளுவண்டிக்காரர், "பண்ருட்டிப் பலா!" என்று கூவினால் உடனே தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறோம். அது நிஜமாகவே பண்ருட்டிப் பழந்தானா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? நானும் கேட்டதில்லை, அந்த ஊருக்கே போய் வரும் வரையில்!

சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசித்துவிட்டு, சம்பா சாதமும் கொத்சுவும் ஒரு கை பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். முதலில் இரு பக்கமும் களிமண் வயல்கள். வடலூரைத் தாண்டிப் பண்ருட்டியை நெருங்க நெருங்க, பூமியின் நிறமே மாறிவிட்டது. செக்கச் செவேலென்று செம்மண்! பூமி சாஸ்திரிகள் இந்தப் பக்கத்துப் பாறைக்குக் 'கடலூர் மணற்பாறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெய்த மழை தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். பலாவுக்கும் முந்திரிக்கும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. நெல்லுக்கோ நின்றால்தான் கொண்டாட்டம். ஒரே ஜில்லாவில் இரண்டு மண், இரண்டு சமையல்!

பக்கத்துப் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இந்த சூட்சுமத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தவர்கள். 'ஷாம்பேன்' என்பது மதுவின் பெயர் என்றுதானே நினைக்கிறோம்? அது ஒரு சீமையின் பெயர். அங்கே சுண்ணாம்பு மண். அந்த மண்ணில் விளைந்த திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயர் சூட்டலாம். இப்படி ஊர்ப் பெயர்களைக் காப்பாற்ற 1935-ல் தேசம் முழுவதற்கும் ஏற்பாடு செய்தார்கள். நம் பெரியவர்கள் திராட்சையைக் 'கொடிமுந்திரி' என்பார்கள். ஆகவே பண்ருட்டி முந்திரிக்கு அது பெயரளவில் ஒன்றுவிட்ட சகோதரி!

நம் நாட்டிலும் 1999-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. முதல் மரியாதை டார்ஜிலிங் தேயிலைக்கு. பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் 2025-ல் கிடைத்தது.

ஒரு தோப்பில் வயதான அம்மாள் ஒருவர் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் கையில் சாம்பல் பூசியிருந்தார். விரல்களெல்லாம் கறுத்திருந்தன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அடித்த 'தானே' புயலைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க மாமியார் வச்ச பலாம்மா அது. காலையிலே பார்த்தா வேரோட கிடக்குது. புருஷன் செத்தப்பகூட நான் அப்படி அழுவல" என்றார். பிறகு பக்கத்திலிருந்த இளமரத்தைக் காட்டி, "இது நான் வச்சது. இப்பத்தான் நல்லாக் காய்க்குது" என்று சிரித்தார்.

சட்டம் பெயரைக் காப்பாற்றும். மரத்தைக் காப்பாற்றுவது அந்தக் கறுத்த விரல்கள்தான். அடுத்த தடவை வண்டிக்காரர் கூவும்போது, "எந்த ஊர்ப் பழம், ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். பாயசத்தில் முந்திரி வறுத்துப் போடும்போது அந்த அம்மாளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.