ஈகையும் உரிமையும்

என் தாய்மாமன் ஒரு காலை இழுத்தே நடப்பார். சிறுபராயத்தில் இளம்பிள்ளைவாதம் அவருக்கு விட்டுச்சென்ற அடையாளம் அது. அந்நோயை உலகினின்றும் ஒழிக்கத் தம் செல்வத்தைச் செலவிட்டுவரும் பில் கேற்ஸைப் பற்றிப் படிக்குந்தோறும் மாமனின் நடையே என் கண்முன் நிற்கின்றது.

1988இல் உலகெங்கும் ஏறத்தாழ 350,000 பேரை வாதத்துக்கு உள்ளாக்கிய அந்நோய், 2021இல் இயற்கை வைரசினால் ஆறு பேரையே தாக்கியது. வெற்றி கைக்கெட்டியதென்றே பலரும் எண்ணினர். ஆனால் 2024இல் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அத்தொகை மீண்டும் தொண்ணூறைத் தாண்டிற்று. செலவு மிகுந்து பயன் அருகித் தோன்றும் இவ்விறுதிக் கட்டத்திலும் கேற்ஸ் பின்வாங்கவில்லை. 2045க்குள் தம் செல்வத்தில் ஏறக்குறைய முழுவதையும் வழங்கிவிடுவதாக 2025இல் அறிவித்தார். இவ்வுறுதி போற்றற்குரியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒரு வினா என்னை உறுத்துகின்றது. எந்நோய் முதலில் ஒழியவேண்டுமென்பதைத் தனியொரு செல்வரின் விருப்பமா தீர்மானிப்பது? இலங்கையில் 1993இன் பின் இந்நோய் தோன்றவில்லை. கேற்ஸின் அறநிறுவனம் 2000இலேயே உருவாயிற்று. இங்கு ஊர்தோறும் சென்று உழைத்தோர் அரசின் இலவச மருத்துவ சேவையைச் சேர்ந்த மருத்துவமாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருமே.

இதனை மாமனிடம் கூறினேன். அவர் சிரித்தார். "ஆர் குடுத்தாலென்ன தம்பி, நேரத்துக்குக் கிடைச்சிருந்தால் நானும் ஓடியிருப்பன்" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால், நேரத்துக்குக் கிடைப்பது ஒருவரின் ஈகையை நம்பியிராமல், எல்லோர்க்கும் உரிமையாதல் வேண்டுமென்றே இன்னும் எண்ணுகின்றேன்.